பனிச்சறுக்குப் பயணத்துக்கு எந்த வண்டி? நெல்லையிலிருந்து மணாலி, குல்மார்க் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

அரையாண்டுத் தேர்வு முடியும் நேரத்தில் நெல்லைப் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்: இந்த வருஷமாவது ஸ்னோ பார்க்கப் போகலாமா? பிள்ளைகளுக்கு ஸ்கீயிங் கற்றுக்கொள்ள ஆசை, பெரியவர்களுக்குப் பனியைக் கையில் அள்ளிப் பார்க்க ஆசை. இடம் பெரும்பாலும் இமாச்சலில் மணாலி, இல்லையென்றால் காஷ்மீரில் குல்மார்க். டிக்கெட், ஓட்டல் எல்லாம் முடிவான பிறகும் ஒரு கேள்வி மட்டும் நிற்கும். வண்டிக்கு என்ன செய்வது? செல்ஃப் டிரைவ் கார் எடுத்து நாமே ஓட்டுவதா, டிரைவரோடு டாக்ஸி பிடிப்பதா, மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பேசுவதா, சொந்தக் காரையே கொண்டுபோய்விடுவதா?

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இப்படிப் போகிற குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது, மொத்தப் பயணத்துக்கும் ஒரே வண்டியைத் தேடாதீர்கள் என்பதுதான். சண்டிகரிலிருந்து மணாலி வரை ஏறக்குறைய 300 கி.மீ. அது நமக்குப் பழகிய மலைச்சாலை மாதிரிதான் பெரும்பாலும் இருக்கும். மணாலியிலிருந்து சோலங் பள்ளத்தாக்குக்கு 13 கி.மீ.தான், ஆனால் பனி விழுந்த மறுநாள் அது வேறு உலகம். காஷ்மீரிலும் இதே கதை. ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வரை பெரும்பாலும் சமதளம். தங்மார்க்கிலிருந்து குல்மார்க் ஏறும் 13 கி.மீ.யில்தான் வண்டிகள் வழுக்கி நிற்கின்றன. இரண்டு துண்டையும் தனித்தனியாக யோசித்தால் முடிவு எளிதாகிவிடும், பணமும் மிச்சமாகும்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஓட்டுகிறவரின் அனுபவம். "அண்ணாச்சி, நான் மாஞ்சோலை வரைக்கும் வண்டி ஓட்டியிருக்கேன், செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை எனக்கு அத்துப்படி. மணாலியில ஓட்ட முடியாதா?" என்று கேட்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் திருப்புவது, எதிரே லாரி வந்தால் ஒதுங்குவது, இறக்கத்தில் கியரைப் பிடித்து இறங்குவது எல்லாம் அங்கும் உதவும். உதவாதது பிரேக். காய்ந்த தார்ச்சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் பிரேக் போட்டதும் ஏறக்குறைய 10 மீட்டரில் நின்றுவிடும். உறைந்த சாலையில் அதே கார் நிற்க 60 மீட்டருக்கு மேல் ஆகலாம். குற்றாலத்தில் பாசி பிடித்த பாறையில் கால் வைத்தால் எப்படியோ, அப்படித்தான் டயர் அங்கே வழுக்கும். அதிலும் மோசமானது கண்ணுக்குத் தெரியாத உறைபனி. பகலில் உருகிய தண்ணீர் இரவில் உறைந்து, தார் நிறத்திலேயே மெல்லிய கண்ணாடி மாதிரிப் படிந்திருக்கும். வெயில் படாத வளைவு, பாலம், மரநிழல், இந்த இடங்களில்தான் அது இருக்கும். அதிகாலையும், பொழுது சாய்ந்த பிறகும் ஆபத்தான நேரங்கள்.

சக்கரமும் டயரும். பெரிய எஸ்யூவி என்பதால் பனியில் போகும் என்று நினைக்க வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் விசை போகிறதா என்பதுதான் கேள்வி. மகிந்திரா தாரிலேயே 2023 முதல் பின்சக்கர விசை மட்டும் உள்ள ரகம் விற்பனையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாருதி ஜிம்னி எல்லாமே ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரத்துக்கும் விசை போகிறவை. இன்னோவா கிரிஸ்டா பின்சக்கர விசை. ஏற்றத்தில் பனி இருந்தால் பின்பக்கம் ஆடும். ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஃபோர் பை ஃபோர் வண்டி கிளம்பவும் ஏறவும்தான் உதவும். நிறுத்துவதற்கு அது உதவாது, ஏனென்றால் பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. நிறுத்துவது டயரின் வேலை. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கும், பிடிப்புக் குறையும். நம் நாட்டு வாடகை வண்டிகளில் பனிக்கான டயர் போட்டிருப்பது அபூர்வம். அதனால்தான் இங்கே டயர் செயின், அதாவது பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி, முக்கியமாகிறது.

முழுச் செலவு. நாள் வாடகையை மட்டும் ஒப்பிட்டால் செல்ஃப் டிரைவ்தான் எப்போதும் ஜெயிக்கும். டெபாசிட், கிலோமீட்டர் வரம்பு, டோல், மாநில நுழைவு வரி, மணாலியில் வெளிமாநில வண்டிக்கு வாங்கும் பசுமை வரி, டிரைவர் பேட்டா, கடைசித் தூரத்துக்கு வேறு வண்டி என்று எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

சாலை மூடினால் யார் பொறுப்பு. பனிக்காலத்தில் இது எப்போதாவது நடக்கும் விஷயம் இல்லை. ஒருநாள் சிக்கினால் கூடுதல் வாடகை யார் தலையில், திரும்பும் விமானத்தை எப்படிப் பிடிப்பது என்பதை முன்பே யோசிக்க வேண்டும்.

கூட வருகிறவர்கள் யார் என்பதையும் பாருங்கள். மூட்டுவலி உள்ள அம்மாவையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, பனியில் நின்றுபோன காரைத் தள்ள முடியாது.

## செல்ஃப் டிரைவ்

சண்டிகர், டெல்லி, ஸ்ரீநகர் மூன்றிலும் கிடைக்கிறது. நம் இஷ்டத்துக்கு நிறுத்தலாம், போகலாம். இந்தி தெரியாதவர்களுக்கு டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டிய சிரமமும் இல்லை. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டத் தெரிந்தவர்கள் என்றால் நல்ல சுகம்.

ஆனால் நம்பர் பிளேட்டை முதலில் பாருங்கள். டாக்ஸிக்கு மஞ்சள் பிளேட்டில் கருப்பு எழுத்து. முறையாகப் பதிவான செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கருப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பிளேட் வண்டியை, நம்மூரில் ஓன் போர்டு என்போமே, அதை வாடகைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். தனியார் வண்டியை வாடகைக்கு விட்டது தெரிந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. மலையில் ஒரு விபத்து நடந்தால் முழுப்பணமும் உங்கள் கையிலிருந்து போகும்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொல்லும் இடத்திலும் நுணுக்கி வாசிக்க வேண்டும். டயர், கிளட்ச், வண்டியின் அடிப்பாகம் இவற்றுக்கான சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் விலக்கி வைத்திருக்கும். பனியில் சக்கரம் சுழலச் சுழல ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முதலில் தீய்வது கிளட்ச்தான். பனிக்கு அடியில் மறைந்த கல்லில் இடிபடுவது அடிப்பாகம்தான். ஆக, பனியில் எது கெடுமோ அதற்குத்தான் காப்பீடு இல்லை என்று ஆகிவிடுகிறது. சில ஒப்பந்தங்களில் செயின் மாட்டுவதற்கே தடை இருக்கும். பனி மூடிய சாலையில் ஓட்டக் கூடாது என்றும் இருக்கலாம். கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

சரி, காரையும் எடுத்து மணாலி வரை வந்துவிட்டீர்கள். புதுப்பனி விழுந்தால் சோலங் வழியில் போலீஸ் தடுப்பு போட்டு, ஃபோர் பை ஃபோர் வண்டியையும் செயின் மாட்டிய வண்டியையும்தான் மேலே விடுவார்கள். அடல் சுரங்கப்பாதை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் உள்ள சிஸ்ஸு ஊருக்குப் போகிற திட்டமும் அங்கேயே நின்றுவிடும். 2020 அக்டோபர் 3ஆம் தேதி திறந்த 9.02 கி.மீ. சுரங்கம் அது, கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே. சுரங்கத்துக்குள் பனி கிடையாது. ஆனால் அதன் இரண்டு வாயிலுக்கும் போகும் சாலையில் உண்டு. உங்கள் வாடகைக் கார் ஓட்டலில் நிற்க, மேலே போக உள்ளூர் வண்டியைப் பிடிப்பீர்கள். ஒரே நாளைக்கு இரண்டு வாடகை.

காஷ்மீரில் இன்னொன்று. மற்ற மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். செல்போன் வரைபடத்தை நம்பிச் செல்ஃப் டிரைவ் எடுக்கிறவர்கள் இதை மறந்துவிட்டுப் போய் ஸ்ரீநகர் விமான நிலையத்திலேயே திண்டாடுகிறார்கள்.

எப்போது செல்ஃப் டிரைவ் சரி? பகலில் மட்டும் ஓட்டுவேன், கடைசி 13 கி.மீ.க்கு வேறு வண்டி பிடிப்பேன், சாலை மூடினால் ஒருநாள் தங்கக் கையில் நாள் இருக்கிறது என்ற மூன்றும் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். பிப்ரவரி கடைசியில், மார்ச்சில் போகிற இளைஞர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். அரையாண்டு லீவில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் டெல்லியும் பஞ்சாபும் மணாலிக்கு வந்து குவிகின்றன. ஏற்றத்தில், பனியில், மணிக்கணக்காக நகரும் வரிசையில் கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்பது பழகாத காலுக்குத் தண்டனை.

## டிரைவரோடு டாக்ஸி

பெரும்பாலான நெல்லைக் குடும்பங்களுக்கு நெடுந்தூரப் பகுதிக்கு இதுதான் சரி. மண்டிக்கும் பண்டோவுக்கும் பக்கம் மண்சரிவுக்குப் பேர்போன சாலை. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகலாம் என்று அந்த ஊர் டிரைவருக்குத் தெரியும். மழையோ பனியோ வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதும் தெரியும்.

டாக்ஸியை எந்த ஊரில் பிடிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். டெல்லி டிரைவர் டெல்லியில் நன்றாக ஓட்டுவார். பனியில் அவரும் நம்மைப் போலத்தான். இமாச்சல் பதிவெண் கொண்ட வண்டியையும், குளிர்காலத்தில் அங்கேயே ஓட்டுகிற டிரைவரையும் கேட்டு வாங்குங்கள். சண்டிகருக்கு வந்து ஏற்றிக்கொள்வார்கள். வெறும் வண்டியாக வரும் தூரத்துக்கும் பணம் கேட்பார்கள், கொடுக்கலாம்.

மறைந்த செலவுகள் நம்மூர் டூரிஸ்ட் கார் மாதிரியேதான்: பேட்டா, இரவு ஓட்டினால் தனிக்கட்டணம், பார்க்கிங், டோல். கூடுதலாக, யூனியன் எல்லை, அதாவது அந்தந்த ஊர் டாக்ஸிச் சங்கம் போட்டுவைத்திருக்கும் எல்லை. காஷ்மீரில் ஸ்ரீநகர் டாக்ஸி உங்களைப் பகல்காம் வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஆரு, சந்தன்வாரி போக உள்ளூர் யூனியன் வண்டியைத்தான் எடுக்க வேண்டும். "எல்லா இடமும் சேர்த்துத்தான் ரேட்" என்று இங்கே பேசியிருந்தாலும் அங்கே அது செல்லாது.

## அடிவாரத்தில் உள்ளூர் ஃபோர் பை ஃபோர்

தங்மார்க்கிலும் மணாலியிலும் ஃபோர் பை ஃபோர் வண்டிகளும் செயின் மாட்டிய வண்டிகளும் வரிசையாக நிற்கும். கடைசி 13 கி.மீ.க்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. தினமும் அந்த ஒரே சாலையில் ஏறி இறங்குகிறவர்கள். எந்த வளைவில் வெயில் படாது என்பது அவர்களுக்கு மனப்பாடம். செயினையும் அவர்களே மாட்டிக் கழற்றுவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே கை விறைத்துப்போகும் குளிரில் செயின் மாட்டுவது, அதை முதல்முறை செய்கிறவருக்குப் பெரிய வேலை. விசை போகும் சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும், மாட்டியபின் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், பனி இல்லாத சாலைக்கு வந்ததும் கழற்ற வேண்டும்.

குறை என்றால் விலை. கூட்ட நாளில் பேரம் கடுமையாக இருக்கும். யூனியன் கட்டணப் பலகை இருந்தால் அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். போக மட்டுமா, திரும்ப அழைத்து வரவும் சேர்த்தா, எத்தனை மணி நேரம் காத்திருப்பார் என்பதை ஏறும் முன் பேசுங்கள். போகும் வழியில் கம்பூட்டு, கோட்டு வாடகைக் கடையில் நிறுத்துவார்கள். அது நமக்கும் தேவைதான், ஆனால் முதல் கடையிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஸ்கீயிங் கற்றுக்கொள்ளவே போகிறவர்களுக்கு ஒரு யோசனை: மலைக்கு மேலேயே தங்குங்கள். குல்மார்க்கில் ஓட்டல் எடுத்தால் ஏற ஒரு தடவை, இறங்க ஒரு தடவை, அவ்வளவுதான் வண்டி. சறுக்கும் இடம், கொண்டோலா என்கிற ரோப் கார் எல்லாம் நடந்தே போகும் தூரத்தில். ஸ்கீயும் பூட்ஸும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அறை வாடகை ஸ்ரீநகரைவிடக் கூடுதல்தான். ஆனால் தினமும் ஏறி இறங்கும் வண்டிச் செலவையும், சாலையில் போகும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் மேலே தங்குவதே பலருக்கு லாபம். மணாலிப் பக்கம் சோலங்கில் தங்குவதும் இதே கணக்கு.

## வேன்

மூன்று குடும்பம், பன்னிரண்டு பேர், ஒரு டெம்போ டிராவலர். நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பிடிக்கும். பாட்டும் முறுக்குமாகப் போகலாம், தலைக்கு வரும் செலவும் குறைவு. சண்டிகர் – மணாலி சாலைக்கு நல்ல தேர்வு. பனி ஏற்றத்துக்கு ஆகாது. அது அடிவாரத்தில் நின்றுவிடும், பன்னிரண்டு பேருக்கும் இரண்டு மூன்று உள்ளூர் வண்டி பிடிக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் பங்கு பிரிக்க வேண்டும். சேர்க்காமல் கிளம்பிய குழுக்களில் அங்கே போய் மனக்கசப்பு வந்திருக்கிறது.

## சொந்தக் கார்

நெல்லை வழியாகப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மறுமுனை ஸ்ரீநகர் என்பதால் இந்த ஆசை பலருக்கு வரும். மணாலிக்கே ஒருவழி மூவாயிரம் கி.மீ.க்கு மேல். பத்து நாள் லீவில் நடக்காத காரியம். ஒரு மாதம் கையில் இருக்கிறவர்கள் போகலாம், ஆனால் கிளம்பும் முன் ரேடியேட்டரைக் கவனியுங்கள். நம்மூர் வெயிலுக்குப் பலரும் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருப்போம். அங்கே ராத்திரி அது உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடும். உறையாத கூலன்ட்டைச் சரியான விகிதத்தில் மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கண்ணாடி கழுவும் தண்ணீருக்கும் இதே விதி. டீசல் வண்டி என்றால், சமவெளியில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் கெட்டியாகும். லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்ததே இதனால்தான். பழைய பேட்டரியும் அந்தக் குளிரில் காலையில் கைவிட்டுவிடும்.

## ரயிலையும் பஸ்ஸையும் மறக்க வேண்டாம்

நெல்லையிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து இமாச்சல் அரசின் வால்வோவில் ராத்திரிப் பயணமாக மணாலி. இருவராகப் போகிறவர்களுக்கு இதைவிட மலிவு இல்லை. காஷ்மீருக்கு நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. 2025 ஜூன் 6 அன்று, ஜம்மு பக்கம் உள்ள கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் தொடங்கி வைக்கப்பட்டது. பனியாலும் மண்சரிவாலும் அடிக்கடி மூடும் ஜம்மு – ஸ்ரீநகர் சாலையை நம்பியிருக்க வேண்டியதில்லை. நாகர்கோவில் போய் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் கத்ரா வரை ஒரே ரயில், மூன்று நாள் பயணத்துக்குப் பொறுமை இருந்தால்.

## ஒரே பார்வையில்

| | பனி ஏற்றத்தில் | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| செல்ஃப் டிரைவ் | சாதாரணக் காருக்குத் தடை | டெபாசிட், கிளட்ச் சேதம், இரட்டை வாடகை | மார்ச்சில் போகும் இளைஞர்கள் |
| டிரைவரோடு டாக்ஸி | பெரும்பாலும் அடிவாரம் வரை | பேட்டா, யூனியன் எல்லை | பெரியவர்கள், குழந்தைகள் உள்ள குடும்பம் |
| உள்ளூர் ஃபோர் பை ஃபோர் | மேலே வரை போகும் | காத்திருப்புக் கட்டணம் | கடைசித் தூரத்துக்கு எல்லோருக்கும் |
| வேன் | போகாது | மேலே ஏற இரண்டு மூன்று வண்டி | பத்துப் பேருக்கு மேல் உள்ள குழு |
| சொந்தக் கார் | சாதாரணக் காருக்குத் தடை | கூலன்ட், பேட்டரி, நாட்கள் | ஒரு மாத லீவு உள்ளவர்கள் |
| ரயில், பஸ் | அடிவாரம் வரை | நேரம் | இருவர், தனியாள் |

நானாகச் சொல்வதென்றால், பொங்கல் லீவில் நான்கு பேர் குடும்பத்துக்கு இமாச்சல் டாக்ஸியில் மணாலி, அங்கிருந்து சோலங்குக்கு உள்ளூர் ஃபோர் பை ஃபோர். டிசம்பர் கடைசியில் மணாலியில் பனி விழாமலும் போகலாம், ஜனவரியில் வாய்ப்பு அதிகம். ஸ்கீயிங்தான் நோக்கம் என்றால் குல்மார்க், மேலேயே அறை, கையில் வண்டியே வேண்டாம்.

## பிள்ளைகள் ஐரோப்பாவில் இருந்தால்

ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ இருக்கும் மகன், மகளோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே செல்ஃப் டிரைவ்தான் வழக்கம், டயர் விஷயத்தில் சட்டமும் கடுமை. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், மூன்று சிகர மலையும் பனித்துகளும் உள்ள குறி பொறித்த டயர்தான் பனிக்கால டயராகச் செல்லும். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச்சாலையில் பனிக்கால டயர் கட்டாயம். வண்டி எடுக்கும்போது டயரின் பக்கவாட்டில் அந்தக் குறி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நீங்களும் ஓட்டுவதாக இருந்தால் நெல்லை ஆர்டிஓ அலுவலகத்திலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம், ஒரு வருடம் செல்லும்.

## முன்பணம் கட்டும் முன்

போனில் இவற்றைக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஃபோர் பை ஃபோரா, மாடல் பெயரோடு சொல்லச் சொல்லுங்கள். செயின் வண்டியிலேயே இருக்கிறதா? சாலை மூடி ஒருநாள் நின்றால் வாடகை எவ்வளவு? எந்த இடம் வரை வரும், எங்கே நாங்கள் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும்?

டிரைவர் ராத்திரி எங்கே படுப்பார் என்று யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். நம்மூர்ப் பழக்கத்தில் அவர் வண்டியிலேயே படுத்துக்கொள்வார் என்று நினைத்துவிடுகிறோம். மைனஸ் 5 டிகிரியில், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினால், பனி மூடிய புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வந்து உயிரையே எடுத்துவிடும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் தெரியவும் தெரியாது. டிரைவருக்கு அறை தரும் ஓட்டலாகப் பார்த்து எடுங்கள். இல்லையென்றால் அவர் அறைக்கான பணத்தையும் உங்கள் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.